சில்லு வில்லும் ஒட்டிய கடிதமும்

“அது எங்கை எண்டுதான் கேக்கிறன்.”

“முதல்லை நான் சொல்லுறதைக் கேள். அந்த வில்லு வந்து…”

“வில்லுக் கதை வேண்டாம். ரெண்டு படம் கழுவித் தந்தவர் எண்டு இப்ப நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒண்டு இந்தா, என்ர கையிலை. மற்றது எங்கை?”

“சும்மா ஒரு வேட்டைச் சாமான், கத்தரீனா. துவக்கும் இல்லை, ஒண்டுமில்லை. சிஞ்ஞோர் பிடியெண்டார், பிடிச்சன்…”

“மற்றது எங்கை?”

ஏர்னஸ்ற் சன்னல் பக்கம் திரும்பினான். கீழே பலேர்மோவின் கபோ சந்தையில் மீன்காரன் சனிக்கிழமைக் கடைசி விலையைக் கூவிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடி அறைக்குள் அது ஒருவரும் கேளாத பூசைமாதிரி வந்து போனது.

தோய்ப்பதற்கென்று அவனுடைய வேலைக் காற்சட்டைப் பையைக் கத்தரீனா கவிழ்த்தபோது விழுந்த படம் அது. எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் ஒருவன் நின்றான். பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த சட்டை, அதே துணியில் தொப்பி. இடது கை நீண்டு ஒரு வில்லைப் பிடித்திருந்தது. வலது முழங்கை பின்னே போயிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. வில்லின் இரண்டு நுனியிலும் கப்பிபோலச் சின்னச் சில்லுகள். நாணில் இரண்டு இடத்தில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம். அவள் முதலில் அடையாளம் கண்டது அந்த நூலைத்தான். தவக்காலத்தில் காணாமற்போன அவளுடைய பின்னல் நூல். பிறகுதான் சட்டைக்குள் நிற்பவன் தன் புருசன் என்று கண்டாள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் அவள் கண்டது ஒரு இயக்கக்காரனை. புருசன்தான் என்று தெரிந்த பிறகும் அந்த உருவம் கண்ணை விட்டுப் போகவில்லை.

“கடிதத்துக்குள்ளை வைச்சனான்,” என்றான் ஏர்னஸ்ற்.

கடிதம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருக்கும் தாய்க்கும் தம்பி கிறிகோரிக்கும் எழுதி, வியாழக்கிழமை போர்கோ வெக்கியோ பகுதிக்குப் போய்ப் புனிதமலரின் கையில் கொடுத்துவிட்டு வந்த கடிதம். புனிதமலர் தன் தாயின் முப்பத்தோராம் நாள் பூசைக்காக ஊருக்குப் போகிறவள். இன்று காலை பலேர்மோவிலிருந்து றோம், றோமிலிருந்து கொழும்பு, கொழும்பில் இரண்டு நாள் லொட்ஜ், பிறகு பஸ்ஸில் மன்னார். அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் ஆட்களை இறக்குவார்கள், எத்தனை இடத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டிக் கடிதம் கடிதமாகப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது கத்தரீனாவுக்குத் தெரியும். ஏர்னஸ்ற்றுக்குத் தெரியாது. அவன் எண்பத்தெட்டில் வெளிக்கிட்டவன். அவள் வந்தது தொண்ணூற்றைந்தில். இப்போது நடப்பது தொண்ணூற்றேழு ஆனி மாதம்.

அவள் கட்டில் விளிம்பில் அமர்ந்தாள். கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்த ஏர்னஸ்ற் மறுபடி வில்லைப் பற்றித் தொடங்கினான். அவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“மற்றப் படத்துக்குப் பின்னாலை ஏதாவது எழுதினனீங்களோ?”

அவன் கையை நீட்டிப் படத்தை வாங்கப் பார்த்தான். அவளுக்கு விளங்கிவிட்டது.

வில்லின் கதை தவக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோர் பெல்லாவியா வீட்டில் ஏர்னஸ்ற்றுக்கு ஒன்பது வருட வேலை. சிஞ்ஞோருக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை, வேட்டைப் பைத்தியம் உண்டு. போன வருடம் தோளில் சத்திரசிகிச்சை செய்த டொக்டர், இனித் துவக்கின் உதையை இந்தத் தோள் தாங்காது என்று சொல்லிவிட்டார். துவக்கு இல்லாவிட்டால் வில் என்று கிழவர் முடிவெடுத்தார். அவருடைய வேட்டைக்காரர் கழகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன இதழ் போடும். தன்னைப்போலத் தோள் போனவர்களுக்கும் பென்சன்காரருக்கும் ஏற்ற, பாரங்குறைந்த, விலை குறைந்த ஒரு வில்லைச் சோதித்து அதில் எழுதுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு லட்சம் லீராவுக்கு நல்ல வில் கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். நாலு லட்சத்துக்கு வாங்கினால் அது வில்லா, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானா? அதுதான் அவருடைய கேள்வி.

வில் தபாலில் வந்து சேர்ந்தது. கிழவரால் அதைப் பாதிவரைகூட இழுக்க முடியவில்லை. இழுக்க ஏர்னஸ்ற் இருந்தான்.

முதலில் குசினியில் மா நிறுக்கிற தராசில் அதை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. ஒரு சேவலின் பாரம். பிறகு சனிக்கிழமைதோறும் மொன்றியாலே ஊருக்கு மேலே சிஞ்ஞோரின் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போய் வைக்கோல் கட்டில் அம்பு விட்டார்கள். சில்லு வைத்த வில்லில் ஒரு விசித்திரம் உண்டு. ஐம்பது இறாத்தல் இழுவை பாதி வழிவரை கையைக் கிழிக்கும். அதைத் தாண்டினால் சில்லுகள் திரும்பிக்கொள்ளும், பாரம் சட்டென்று கழன்றுபோகும். அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கலாம். ஏர்னஸ்ற் சொல்லியும் பார்த்தான். அம்பில்லாமல் நாணை ஒருநாளும் விடாதே என்று சிஞ்ஞோர் முதல் நாளே எச்சரித்திருந்தார். விட்டால் அந்த வேகம் போக இடமில்லாமல் வில்லையே பிளந்து முகத்தில் அடிக்கும். இழுத்த பிறகு மனம் மாறினால் மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்போது கழன்ற பாரமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து தோளைப் பிடுங்கும். இழுப்பதைவிடத் திருப்பிக் கொண்டுவருவதுதான் கடினம் என்று ஏர்னஸ்ற் கண்டுகொண்டான். சிஞ்ஞோர் அதையும் எழுதிக்கொண்டார்.

மலிவு வில்லின் பெரிய குறை அதன் சத்தம். விட்டதும் தகரத்தில் அறைந்ததுபோல ஒலிக்கும். அம்பு போய்ச் சேருமுன்னே முயல் துள்ளிவிடும், இந்த ஒரு குறையே போதும் இதை வாங்காதே என்று எழுதுவதற்கு என்றார் சிஞ்ஞோர். கிழிந்த வலை பொத்துகிற வீட்டில் பிறந்த ஏர்னஸ்ற்றுக்கு அதிர்கிற கயிற்றை எப்படி அடக்குவது என்பது தெரியும். அடுத்த சனிக்கிழமை மனைவியின் சிவப்பு நூலில் கொஞ்சம் கொண்டுபோய் நாணில் இரண்டு குஞ்சம் கட்டினான். அம்பு போனது. வைக்கோலில் ‘புதக்’ என்று ஒரு ஒலி மட்டும் வந்தது. கிழவர் எழுந்து நின்று அவனுடைய கன்னம் இரண்டிலும் முத்தமிட்டார். தன் வேட்டைச் சட்டையையும் தொப்பியையும் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, இதழுக்கென்று படம் எடுத்தார்.

ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் ஏர்னஸ்ற்றைத் தனியாக நிறுத்தி எடுத்த முதற் படம் அது.

இங்கே எங்கள் சனம் ஊருக்குப் படம் அனுப்பினால் அதில் ஏதாவது ஒரு சாமான் நிற்கும். யாரோ ஒருவருடைய கார், சிஞ்ஞோராவின் குளிர்சாதனப் பெட்டி, பொலித்தேயாமா அரங்கின் படிக்கட்டு. பின்பக்கத்தில் அது என்ன, எங்கே என்று எழுதுவதும் வழக்கம். ஊரில் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வாசிப்பார்கள். ஏர்னஸ்ற்றும் வழக்கத்தைத்தான் செய்தான்.

“என்ன எழுதினனீங்கள்? அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடவேண்டாம்.”

“கிறிகோரிக்குத்தான் எழுதினனான். அவன்ர முயல் சுடுற இடியன் துவக்கை ஆமியிட்டைக் கொண்டுபோய்க் குடுத்த நாளிலையிருந்து முயலுக்குப் போகேல்லை எண்டு அம்மா எழுதினவ. அதுதான்…”

“சொல்லுங்கோ.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்புவித்தான்.

“தம்பி கிறிகோரிக்கு. எடை ஒன்றே முக்கால் கிலோ. இருபத்தைந்து மீற்றரில் ஆறுக்கு ஐந்து பட்டது.”

“பிறகு?”

“சத்தம் இல்லை. பத்தடியில் நிற்பவனுக்கும் கேட்காது.”

கத்தரீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“லைசென்ஸ் தேவையில்லை. விலை மலிவு. துவக்குப் போனால் போகட்டும், இது போதும். இரண்டு பேர் சேர்ந்தால் அனுப்பலாம்.” சொல்லி முடித்தபோது அவனுடைய குரல் இறங்கியிருந்தது. சொந்த வாயால் சொல்லிக் கேட்டபோதுதான் அவனுக்கும் அது வேறு யாரோ எழுதியதுபோலக் கேட்டிருக்க வேண்டும்.

“எயாப்போட்டிலை இல்லாட்டி மதவாச்சிக்கு அங்காலை, ஒரு ஆமிக்காரன் உதை வாசிக்கிறான் எண்டு வைப்பம்,” என்றாள் அவள். “முன்பக்கம் அந்த உடுப்பு. பின்பக்கம் அந்தக் கணக்கு. கடித உறையிலை மாமியின்ர விலாசம், உள்ளுக்குக் கிறிகோரியின்ர பேர். கொண்டுவாறது மலரக்கா. நீங்கள் சொல்லுங்கோ, அவன் முயலை நினைப்பானோ?”

இரண்டு வருடத்துக்கு முந்திய பயணத்தைப் பற்றி அவள் அவனுக்கு அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னாள். பஸ்ஸில் அவளுக்கு முன்னால் இருந்த பெண்ணின் கைப்பையில் அண்ணன்காரனின் படம் இருந்தது. ஜேர்மனியில் குளிருக்கு வாங்கிய தொப்பி, இதேமாதிரித் திட்டுத்திட்டானது. தொப்பி மட்டும்தான். இறங்கச் சொன்னார்கள், இறங்கினாள். பஸ் முக்கால் மணித்தியாலம் நின்றது. பிறகு சாரதி அவளில்லாமலே பஸ்ஸை எடுத்துவிட்டான். அவளுடைய பலகாரப் பை கத்தரீனாவின் காலடியிலேயே இருந்தது. கொழும்பு வரும்வரை அதை யாரும் தொடவில்லை, எடுத்து எறியவும் ஒருவருக்கும் கை வரவில்லை.

“வெளிக்கிடுங்கோ,” என்றாள்.

போர்கோ வெக்கியோவில் புனிதமலரோடு ஒரே வீட்டில் இருப்பவள் மாக்கிரட். அவள் கதவைத் திறந்த கையில் தரை கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. மலர் ஒன்பது மணிக்கே எயாப்போட் பஸ் எடுத்துவிட்டாள், இப்போது றோமில் இறங்கியிருப்பாள் என்றாள். கொழும்பு விமானம் பின்னேரம் ஐந்துக்கு.

கத்தரீனா கேட்டது ஒரேயொரு கேள்விதான். அந்தக் கடிதத்தை மலரக்கா திறந்து பார்த்தாவா?

அது கேட்கத் தேவையில்லாத கேள்வியாக இருந்திருக்க வேண்டும். கையிலே கொண்டுபோகிறவர்களுக்குக் கடிதத்தை ஒட்டாமல் கொடுப்பதுதான் முறை. தான் சுமப்பது என்னவென்று சுமக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புனிதமலர் இதில் மகா கண்டிப்பு. போவதற்கு முதல் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொன்றாக வாசிப்பாள். படங்களைப் புரட்டுவாள். கூடாதது இருந்தால் எடுத்து வைப்பாள். புருசன் பெண்சாதி எழுதியதென்றால் அரைக்கண்ணால் வாசிப்பேன் என்று பகிடி விடுவாள். பிறகு எல்லாம் அவளுடைய நீல நிறப் பனெத்தோனே கேக் தகரப்பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின் மூடி சரியான இறுக்கம். கரண்டிக் காம்பால் நெம்பினால் மேளத்தில் தட்டினதுபோல ‘டொங்’ என்று திறக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மலர் ஊருக்குப் போகிறாள் என்று கீழ்வீட்டுச் சிசிலிக்காரிக்கும் தெரியும்.

“இருபத்திமூண்டு கடிதம்,” என்றாள் மாக்கிரட். “இருபத்திரண்டையும் வாசிச்சவ. ஏர்னஸ்ற் அண்ணையின்ரயை வாசிக்கேல்லை. அது ஒட்டிக்கிடந்தது.”

கத்தரீனா புருசனைப் பார்த்தாள். வில்லைத் தொட வேண்டாம் என்று அவள் தவக்காலத்திலேயே சொல்லியிருந்தாள். அவள் கண்ணில் படம் பட்டுவிடக் கூடாதென்றுதான் அவன் உறையை மண்ணிற ஒட்டுநாடா போட்டு ஒட்டினான். அவள் பார்க்கக் கூடாதென்று ஒட்டியது, பார்க்க வேண்டிய கண்ணையும் மறைத்துவிட்டது.

“ஒட்டின கடிதம் கொண்டுபோறதில்லையே அவ,” என்றாள் கத்தரீனா.

“நானும் அதைத்தான் கேட்டனான். தாய் செத்த நேரம் முழுக்க எனக்குப் பக்கத்திலை இருந்தவன் ஏர்னஸ்ற் தம்பி, அவன் தன்ர தாய்க்கு எழுதினதை நான் கிழிச்சுப் பாக்கிறதோ எண்டு சொல்லிப்போட்டுப் பெட்டிக்குள்ளை வைச்சவ.”

ஏர்னஸ்ற் வாசற்படியில் குந்திக்கொண்டான். மாக்கிரட்டுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். அது சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

றோமுக்கு ஒரு சொல் போக வேண்டுமென்றால் அதற்கு வழி ஒருவர்தான். லிபெர்த்தாவுக்குப் போனார்கள். சிஞ்ஞோர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, இருவரையும் தன் படிப்பறையில் இருத்தினார். வில் மேசையில் கிடந்தது. ஏர்னஸ்ற் தன் இத்தாலியனில் சொல்லச் சொல்லக் கிழவரின் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. ஒரு வேட்டை வில்லைப் பார்த்து இராணுவம் பயப்படுமா, அவர்களுக்குக் கண் இல்லையா, வைக்கோல் கட்டுக்கூடப் படத்தில் தெரிகிறதே என்றார். கத்தரீனா எழுந்து, தன் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து அவர் முன் வைத்து, சட்டையின் திட்டுகளை விரலால் மறைத்துக் காட்டினாள். பிறகு விரலை எடுத்துவிட்டுக் காட்டினாள். அவளுடைய இத்தாலியன் கொஞ்சந்தான். அதற்கு அவ்வளவு போதுமாக இருந்தது. கிழவர் சிரிப்பை விட்டுவிட்டு ரெலிபோனை எடுத்தார்.

றோம் விமானநிலையத்தில் யாரையோ பிடித்து, தன் பழைய உத்தியோகக் குரலில் அதட்டி, ஒலிபெருக்கியில் அழைக்கச் செய்தார். பூனிதாமலார், பூனிதாமலார் என்று அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டபோது கத்தரீனாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. பெயர் பிழையாக இருப்பது ஒன்றுமில்லை. பெயரைக் கூப்பிடுவதே பிழை. முதன்முதலாகப் பயணம் போகிற எல்லாருக்கும் புனிதமலர் சொல்லுகிற புத்தி ஒன்றுண்டு. எயாப்போட்டில் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் தலையைத் திருப்ப வேண்டாம், நல்ல விஷயத்துக்கு ஒருவரும் எங்களை மைக்கில் கூப்பிடுவதில்லை.

மூன்றுமுறை அழைத்தார்கள். ஒருவரும் வரவில்லை என்று பதில் வந்தது. எங்கோ ஒரு கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் இருப்பதைக் கத்தரீனா கண்ணால் கண்டதுபோலக் கண்டாள். ஐந்து மணி அடித்தது. ஐந்தேகால் ஆனது.

சிஞ்ஞோருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வில்லை எடுத்து மேல் சில்லைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது அம்புக்குப் பிறகு இதன் ஆணி தளர்ந்தது என்றாயே, இப்போதும் தளர்கிறதா என்று மெல்லக் கேட்டார். ஓம், ஒவ்வொரு முறையும் தளர்கிறது, இறுக்கிப் பார்க்காமல் ஒருவரும் இழுக்கக் கூடாது, அதை எழுதுங்கள் என்றான் ஏர்னஸ்ற். அந்த நேரத்திலும் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. பிறகு, இதழில் தன் படத்தைப் போட வேண்டாம் என்று கேட்டான். கிழவருக்கு அது நொந்தது. சரி, கைகளை மட்டும் போடுகிறேன், கை யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்றார்.

அன்று இரவு இருவரும் சாப்பிடவில்லை. சமைத்ததை மூடிவைத்தார்கள். ஒரு தடவை ஏர்னஸ்ற் இருட்டுக்குள் சொன்னான், கொழும்பு எயாப்போட்டில் கடிதங்களைப் பார்ப்பதில்லையாம், சாமானைத்தான் பார்ப்பார்களாம் என்று. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது மாக்கிரட் கொழும்புக் கொட்டாஞ்சேனை லொட்ஜின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்தாள். சிஞ்ஞோர் தன் ரெலிபோனையே பாவிக்கச் சொன்னார். குசினி மேசையில் இருந்து என்ன கதைப்பதென்று ஒத்திகை பார்த்தார்கள். லொட்ஜ் ரெலிபோனில் எல்லாவற்றையும் கதைக்க முடியாது. யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. படம் என்ற சொல் வரக் கூடாது. வில் என்ற சொல் வரவே கூடாது. கிறிகோரியின் பெயரும் வேண்டாம். கடிதத்தில் விலாசம் பிழை, அதைக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். மலர் கெட்டிக்காரி. அவ்வளவிலே பிடித்துக்கொள்வாள், உறையைத் திறப்பாள், திறந்தால் அடுத்த நிமிசமே கிழித்துக் கழிவறைக்குள் போட்டுவிடுவாள். கத்தரீனாதான் கதைப்பது. ஏர்னஸ்ற் வாய் திறப்பதில்லை. அவனும் அதற்குத் தலையாட்டினான்.

பின்னேரம் மூன்று மணிக்கு எடுத்தார்கள். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். சிஞ்ஞோர் இலக்கத்தைச் சுழற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றார். ஏழாவது முறைதான் மணி போனது. லொட்ஜ்காரர் எடுத்தார். தமிழர்தான். இத்தாலியிலிருந்து என்றதும் அவருடைய குரல் சுருங்கியது.

பின்னேரம் ஆமிச் செக்கிங் வந்ததென்றார். அறையறையாகப் பார்த்துப் பைகளையெல்லாம் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை, சுருக்கமாகக் கதையுங்கள் என்றார். பிறகு ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அவர் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கத்தரீனா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள், ஏர்னஸ்ற்றுக்கும் கேட்கட்டும் என்று. இருவருடைய தலையும் ஒட்டியபடி இருந்தது. அவனுடைய நெற்றி வியர்வை அவளுடைய கன்னத்தில் பட்டது.

“ஹலோ.”

“மலரக்கா, நான் கத்தரீனா. பலேர்மோவிலையிருந்து.”

“ஓம். சொல்லுங்கோ.”

ஒருநாளும் புனிதமலர் அவளிடம் சொல்லுங்கோ என்று சொன்னதில்லை. பிள்ளை என்பாள், சொல்லடி என்பாள். கத்தரீனாவின் கைக்குள் ரிசீவர் வழுக்கியது. மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சுகமாப் போய்ச் சேந்தனீங்களோ, அக்கா?”

“ஓம்.”

“ஏர்னஸ்ற் தாய்க்கு எழுதின கடிதத்திலை விலாசம் பிழையாம். அதைக் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவர்.”

அந்தப் பக்கம் ரிசீவருக்குக் கிட்ட இன்னொருவருடைய மூச்சும் கேட்டது.

“எந்த ஏர்னஸ்ற்?” என்றாள் புனிதமலர். “எனக்கு அப்பிடி ஒருதரையும் தெரியாதே.”

பிறகு அவளுக்குப் பின்னால், அறைக்குள் எங்கோ, மேளத்தில் ஒருமுறை தட்டினதுபோல ‘டொங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

ரிசீவர் மலரின் கையில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்தது அவளில்லை, செக்கிங்காரர். ஏர்னஸ்ற் ரிசீவருக்குக் கையை நீட்டினான். கத்தரீனா தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ஏர்னஸ்ற் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ரிசீவரை வாங்கி, வில்லைப் பிடிக்கிற இடது கையால் அதைப் பிடித்து, இரைந்து கதைக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“அங்கை நிண்டு கேக்கிற ஐயா, அந்த மனுசிக்கு ஒண்டும் தெரியாது. அது என்ர சிஞ்ஞோரின்ர வேட்டை வில்லு, நல்லதோ கூடாதோ எண்டு இழுத்துப் பாத்து எழுதினது நான்.”